பேய்க்கதை எழுத வருகிறவருக்கு: வன்னியிலிருந்து ஒரு வழிகாட்டி

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்தும் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்தும் ஏ.எல். முடித்த பிள்ளைகள் சிலர் கதை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டுவார்கள். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு பழைய பங்களா இருக்கும். மழை பெய்யும், கதவு கிறீச்சிடும், வெள்ளைச் சேலையோடு ஒருத்தி நிற்பாள். "உங்கட ஊரில பங்களா எங்க இருக்கு தம்பி?" என்று கேட்பேன். பிள்ளை யோசிக்கும். அவர் வளர்ந்தது தகரக் கொட்டிலில், பிறகு வீட்டுத்திட்ட வீட்டில். இரவில் வெளியே போக அவர் பயந்த இடம் கிணற்றடி. வீட்டுக்குப் பின்னால் பாலை மரமும் பற்றைக்காடும் இருக்கின்றன. அந்தப் பயம் அவருடைய கதையில் ஒரு வரியிலும் இல்லை.

அப்படி வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திகில் கதை, அறிவியல் புனைகதை, இரண்டிலும் சேராத மாயக்கதை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கதை எங்கே கிடைக்கும் என்பதில் தொடங்கி, அச்சில் வரும்வரை போவோம்.

முதலில் காதைத் தீட்டுங்கள்

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். போனில் எழுதினாலும் சரி, ஆனால் பெரியவர்கள் முன்னால் போனை எடுத்தால் கதை நின்றுவிடும். கொப்பியைப் பார்த்தால் அவ்வளவு கூச்சப்படமாட்டார்கள்.

யாரிடம் கேட்பது? தேன் எடுக்கக் காட்டுக்குப் போனவர்கள், வயலில் பரண் கட்டிப் பன்றிக் காவல் இருந்தவர்கள், இரவில் தண்ணி கட்டுகிறவர்கள், நந்திக்கடலில் இறால் பிடிக்கிறவர்கள், ஏ-9 வீதியில் இரவு லொறி ஓடுகிறவர்கள். இவர்களிடம் "பேய் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "சும்மா போ தம்பி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். "எந்த இடத்தால இரவில போகமாட்டியள்?" என்று கேளுங்கள். அதற்கு எல்லாரிடமும் விடை இருக்கும். அந்த விடைக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கும். சம்பவத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார்.

கேட்டதைக் கேட்ட சொல்லிலேயே எழுதுங்கள். "பயந்துவிட்டார்" என்று எழுதி வைத்தால் பிறகு ஒன்றுக்கும் உதவாது. "நாக்கு அண்ணத்தில ஒட்டிப்போச்சு" என்று அவர் சொன்னாரா, அதை எழுதுங்கள். கொள்ளிவாய்ப் பேய், முனி, மோகினி, காட்டேறி, கொத்தி என்று எங்கள் சனத்திடம் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் வரும், ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். எல்லாவற்றையும் "ஆவி" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு அடைத்துவிடாதீர்கள்.

பேய் மட்டும் போதாது, வழக்கங்களையும் கேளுங்கள். காட்டுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு குழையை முறித்துக் கொப்பில் தொங்கவிட்டு ஐயனாரைக் கும்பிட்டுப் போகும் வழக்கம் உண்டு. அந்தக் கொப்பில் பழைய குழைகள் காய்ந்து கிடக்க, பச்சையாக ஒன்று மட்டும் தொங்கினால், நமக்கு முன்னால் யாரோ உள்ளே போயிருக்கிறார். மாலையில் வெளியே வரும்போது இரண்டு பச்சைக் குழை தொங்கினால்? கதை அங்கேயே தொடங்கிவிட்டது.

அப்புறம், வாசியுங்கள். நூலகம் என்ற இணைய நூலகம் 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஊர் மலர்களையும் எண்ணிமப்படுத்தி இலவசமாகத் தருகிறது. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர் எல்லாம் அதில் கிடக்கின்றன. எங்கள் ஊர்ப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்க முடிந்தால், ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டையும் தேடுங்கள். காய்ச்சலாலும் பறங்கி வியாதியாலும் சனம் குறைந்துபோன அந்தக் காலத்து வன்னி அதில் இருக்கிறது. குளம் உடைந்து, வயல் காடாகி, ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சிய இடங்கள். பங்களாவைத் தேடி நாங்கள் வேறெங்கும் போகவேண்டியதில்லை.

கதைக்கு இடம் பார்க்கிறோம் என்று கைவிடப்பட்ட காணிக்குள்ளோ பற்றைக்குள்ளோ இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை இன்னும் நிற்கிற இடங்கள் உண்டு. பலகை இல்லாத இடத்தில் ஊரவரைக் கேட்காமல் கால் வைக்காதீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு யானை வேறு. இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

பிறகு ஒரே ஒரு விதியை மாற்றுங்கள்

கொப்பி நிறைந்ததும் கதை வந்துவிடாது. நடந்ததை அப்படியே எழுதினால் அது ஊர்ச் செய்தி. ஊகப் புனைவு என்பது உலகத்தின் ஒரு விதியை மட்டும் மாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துப் பார்ப்பது. திகில் கதைக்கு அந்த மாற்றம் உடம்பில் ஏறவேண்டும். அறிவியல் புனைகதைக்கு அது கேள்வியாக வளரவேண்டும். இரண்டுக்கும் விதை ஒன்றுதான்.

ஒன்றை விரித்துச் சொல்கிறேன். சூடடிக்கிற களத்தில் முன்பு தனியாக ஒரு பேச்சு இருந்தது. களத்துக்குள் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். மாட்டுக்கும் கடகத்துக்கும் வேலைக்கும்கூட வேறு சொற்கள். சாதாரணச் சொல்லைச் சொன்னால் பூதம் கேட்டுவிடும், வந்து பொலியைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. இப்போது அறுவடை மெசின் வருகிறது. சில மணித்தியாலத்தில் வயலை வெட்டி, அடித்து, சாக்கில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. களமும் இல்லை, மாடும் இல்லை, அந்தப் பேச்சுத் தெரிந்தவர்களும் அருகிவிட்டார்கள்.

சரி, பூதம் எங்கே போனது?

அது போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய விதி அவ்வளவுதான். இப்போது அது எல்லாவற்றையும் கேட்கிறது, ஏனென்றால் அதனிடமிருந்து மறைத்துப் பேச யாருக்கும் தெரியாது. நெல் ஆலைக்காரர் போனில் விலை பேசுகிறார், அதுவும் கேட்கப்படுகிறது. ஒவ்வொரு மூட்டையிலும் நிறை குறைகிறது. தராசில் பிழை என்கிறார்கள், ஆலைக்காரர் ஏமாற்றுகிறார் என்கிறார்கள். அந்த வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் மட்டும் பாரிசவாதத்தில் பேச்சுப் போய்க் கிடக்கிறார். அவருக்குத்தான் அந்தச் சொற்கள் தெரியும்.

இந்தக் கதையில் பூதம் ஒருமுறைகூட வெளியே வரத் தேவையில்லை. கடன், நெல் விலை, மறந்துபோன பேச்சு எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்துவிட்டன. இதே விதையை எடுத்து அறிவியல் பக்கம் திருப்பலாம். போன் நாம் பேசுவதைக் கேட்கிறது என்று எல்லாரும் சொல்லிக்கொள்கிற காலம் இது. பழைய களத்துச் சொற்களை ஒரு பெண்பிள்ளை தன் கூட்டாளிகளோடு பேசும் இரகசியப் பேச்சாகத் திரும்ப எடுத்தால் என்ன ஆகும்? யாராவது எழுதுங்கள், எனக்கு வாசிக்க ஆசை.

விதி ஒன்று என்றால் ஒன்றுதான். பூதமும் வந்து, காலப் பயணமும் வந்து, கடைசியில் எல்லாம் கனவு என்று முடிகிற கதைகள் நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டாவது மாற்றம் வரும்போது வாசிப்பவர் பயப்படுவதை நிறுத்திவிடுகிறார். எதுவும் நடக்கலாம் என்றால் எது நடந்தால் என்ன?

வற்றாப்பளையில் ஒரு பாடம்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதை வன்னியில் எல்லாருக்கும் தெரியும். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம், அதனால் பத்தாம்பளை என்று இருந்து வற்றாப்பளை ஆனது என்பார்கள். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்க்கும் பெடியளிடம் ஒரு கிழவி வருகிறாள். பசிக்கிறது என்கிறாள். பெடியள் பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் தண்ணியை அள்ளி விட்டு ஏற்றச் சொல்கிறாள், விளக்கு எரிகிறது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்கிறாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்துவந்துதான் விளக்கு எரிக்கிறார்கள்.

இதைப் பக்திக் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். அப்படியே இருக்கட்டும். நான் சொல்ல வருவது அந்தக் கதையின் கட்டுமானத்தை. கண்கள் எங்கே வருகின்றன பாருங்கள். கிழவி வந்ததும் காட்டவில்லை. முதலில் பசி, அது எல்லாருக்கும் வருவது. பிறகு உப்புத் தண்ணியில் விளக்கு, அது அதிசயம்தான், ஆனால் பயமில்லை, சந்தோசம். அதற்குப் பிறகு பேன் பார்த்தல். எங்கள் வீடுகளில் அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் அதைவிட நெருக்கமான வேலை ஒன்று உண்டா? விரல் மயிருக்குள் போயிருக்கிறது, முகம் குனிந்து கிட்டப் போயிருக்கிறது. கண்கள் அந்த நேரத்தில் திறக்கின்றன. தூரத்தில் நிற்கிற உருவத்தைப் பார்த்தால் ஓடலாம். கைக்குள் இருக்கிற தலையை விட்டுவிட்டு எப்படி ஓடுவது?

உங்கள் கதையிலும் பயம் வரும் இடத்தைத் தேடும்போது, பாத்திரம் யாரையாவது பராமரிக்கிற, தொடுகிற, ஊட்டுகிற இடம் எது என்று பாருங்கள். எண்ணெய் தேய்க்கிற இடம், பிள்ளையை நித்திரையாக்குகிற இடம், நோயாளிக்குக் கஞ்சி பருக்குகிற இடம். அங்கே வையுங்கள்.

ஒரு பந்தியை இரண்டு தரம் எழுதிப் பார்ப்போம்

சின்னச் சம்பவம் ஒன்று. இரவில் தண்ணி கட்டப் போனவர் பக்கத்து வயலில் யாரோ வரம்பு வெட்டுகிற சத்தம் கேட்டார். என் முதல் எழுத்து, நான் தொடங்கிய காலத்தில், கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"நள்ளிரவு நேரம். எங்கும் மயான அமைதி. திடீரென ஓர் அமானுஷ்ய ஓசை. குமாரின் இதயம் படபடவென அடித்துக்கொண்டது. மெல்லத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒரு கொடூர உருவம் நின்றுகொண்டிருந்தது!"

இதே இடத்தைப் பல வருடங்களுக்குப் பிறகு இப்படி எழுதினேன்:

"அவனுடைய தண்ணி முறை பதினொன்றரைக்கு. வரம்பை ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வெட்டி, வெட்டின மண்ணைப் பக்கத்தில் அணைத்து வைத்துவிட்டுக் குந்தினான். தண்ணி உள்ளே போய்க்கொண்டிருந்தது. மேலே சதக் என்று ஒரு வெட்டு. இன்னொன்று. காலடியில் தண்ணி குறைந்தது.

'ஆரது? இது என்ர முறை.'

வெட்டு நின்றது. கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும். பிறகு மேல் வயலில் இருந்து குரல் வந்தது.

'ஆரது? இது என்ர முறை.'

அவன் ரோச்சைக் கையில் எடுத்தான். அடிக்கவில்லை."

என்ன மாறியிருக்கிறது? "மயான அமைதி", "அமானுஷ்யம்", "கொடூரம்" மூன்றும் போய்விட்டன. அவை வாசிப்பவரிடம் "பயப்படு" என்று கட்டளை போடுகிற சொற்கள். கட்டளைக்கு யாரும் பயப்படமாட்டார்கள். அவற்றின் இடத்தில் பதினொன்றரை மணி வந்திருக்கிறது, மண்வெட்டி அகலம் வந்திருக்கிறது, குறைகிற தண்ணி வந்திருக்கிறது. வயல் செய்கிறவருக்குத் தண்ணி குறைந்தால் முதலில் கோபம்தான் வரும். அந்தக் கோபத்தை நான் விட்டுவைத்தேன். கோபமாகக் கத்தியவனுக்கு அதே கோபம் அதே சொல்லில் திரும்பி வரும்போதுதான் குளிர்கிறது. அது அவனுடைய குரல்தான் என்று நான் எழுதவில்லை. ஒரு வரி சேர்த்து அதை விளக்கி எழுதிப் பார்த்தேன், கதை அந்த வரியில் செத்துப்போனது, வெட்டிவிட்டேன்.

கடைசி இரண்டு வாக்கியத்துக்காக ஒரு கிழமை இருந்தேன். முதலில் ரோச் அடித்தான், ஒன்றும் இல்லை என்று எழுதினேன். பிறகு ரோச் அடித்தான், எரியவில்லை என்று எழுதினேன், அது எல்லாரும் எழுதுவது. கையில் வெளிச்சம் இருந்தும் அடிக்க மனம் வராத இடம்தான் எனக்குத் தெரிந்த உண்மையான பயம்.

பேச்சுமொழி பற்றி ஒரு சொல். கதை சொல்கிற நடை எழுத்துத் தமிழில் இருக்கட்டும். உரையாடல் எங்கள் ஊர்ப் பேச்சில் இருக்கட்டும். "ஆரது", "என்ர", "உங்க ஏன் நிக்கிறாய்" என்று எழுதப் பயப்படாதீர்கள். துருசு, குளக்கட்டு, வான் பாய்தல், வெருளி போன்ற சொற்களுக்கு அடிக்குறிப்புப் போடாதீர்கள். சென்னையில் இருந்தோ கோலாலம்பூரில் இருந்தோ வாசிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்.

எங்கள் இறந்தவர்கள்

இதை எழுதாமல் வன்னியில் திகில் கதை பற்றி எழுத முடியாது.

மற்ற ஊர்களில் பேய்க்கதை எழுதுகிறவருக்கு மரணம் ஒரு கருவி. இங்கே 2009 இல் நடந்தவற்றுக்குப் பிறகு, ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு வீட்டில் படம் மாலையோடு தொங்குகிறது. இன்னொரு வீட்டில் படம் இருக்கிறது, மாலை இல்லை. மாலை போட அந்த அம்மா விடமாட்டார், ஏனென்றால் பிள்ளை காணாமல் ஆக்கப்பட்டவர், இறந்ததாக யாரும் காட்டவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் வீதியோரம் இருந்து தொடங்கிய போராட்டம் அந்த ஒரு விடைக்காகத்தான்.

எனக்கு இது தெரிந்திருந்தும் ஒரு கதை எழுதினேன். காணாமல்போன மகன் ஒரு மழை இரவில் வீட்டுக்கு வருகிறான், அம்மா சோறு போடுகிறாள், விடியப் பார்த்தால் கோப்பை அப்படியே இருக்கிறது, தரையில் ஈரம் மட்டும். நல்ல கதை என்று நினைத்தேன். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற அம்மா ஒருவர், நான் எழுதுவதை எப்போதும் கேட்டு வாங்கி வாசிக்கிறவர், அதையும் வாசித்தார். கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அவன் செத்திட்டான் எண்டு நீ முடிவெடுத்திட்டியோ தம்பி?"

நான் அந்தக் கதையை எங்கும் அனுப்பவில்லை. இரண்டு வருடம் கழித்துத் திரும்ப எழுதினேன். மகன் வரவேயில்லை. அம்மா ஒவ்வொரு இரவும் ஒரு கோப்பை சோறு மூடி வைக்கிறாள், காலையில் ஒரு பிடி குறைந்திருக்கிறது. எலியா, பூனையா, மூத்த மகள் இரவில் எழும்பி அம்மாவுக்காகச் சாப்பிட்டு வைக்கிறாளா, வேறு யாராவதா? கதை ஒன்றையும் தீர்த்துச் சொல்லவில்லை. இதை அந்த அம்மாவிடம் கொடுத்து வாசித்த பிறகுதான் அனுப்பினேன்.

இதிலிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகளைச் சொல்கிறேன், நீங்களும் யோசியுங்கள். ஓர் உண்மையான மரணத்தை, ஆளை அடையாளம் காணக்கூடியபடி இடம், நாள், உடுப்பு எல்லாம் சேர்த்துக் கதையில் வைக்கமாட்டேன். எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்ட இடங்களைப் பேய் உலாவும் இடமாக்கமாட்டேன். உதாரணத்துக்கு, 2023 இல் கொக்குத்தொடுவாயில் வெளிவந்த புதைகுழி ஒரு வழக்கு, கதைக்கான மேடை அல்ல. ஒரு சனம் கும்பிடுகிற தெய்வத்தை இன்னொரு சனத்தின் பேயாக எழுதமாட்டேன். காளி, வைரவர், அண்ணமார், நாச்சிமார் எல்லாருக்கும் விளக்கு வைக்கிற வீடு இருக்கிறது. தனியாக வாழ்கிற பெண்ணைச் சூனியக்காரியாக எழுதமாட்டேன், ஏனென்றால் அப்படிப் பெயர் வாங்கிய பெண்கள் உண்மையிலேயே ஊரில் இருக்கிறார்கள், கதை அவர்களுடைய வாசலுக்குப் போய்ச் சேரும்.

அதற்காகப் போரைத் தொடாமல் எழுதுங்கள் என்று சொல்லவில்லை. நேரே சொல்ல முடியாததைச் சொல்வதற்குத்தான் இந்த வகை எழுத்து எங்களுக்கு வாய்த்திருக்கிறது. பங்கருக்குள் படுத்திருந்த பிள்ளைக்கு மண் என்ன சொன்னது என்று யதார்த்தக் கதையில் எழுத இடமில்லை. இதில் இருக்கிறது.

அடித்து, வெட்டி, கோப்பாக்குதல்

முதற்படி முடிந்ததும் இரண்டு கிழமை மூடி வையுங்கள். பிறகு சத்தமாக வாசியுங்கள், இரவில், ஒரு ஆளுக்கு. கேட்கிறவர் போனை எடுத்துப் பார்க்கிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அந்த இடம் நீளம்.

குறுங்கதை என்றால் 300 முதல் 600 சொல், சிறுகதை என்றால் 1500 முதல் 2500 சொல்லுக்குள் தொடங்குங்கள். தமிழில் ஒரு சொல்லுக்குள் வேற்றுமையும் காலமும் இடமும் ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் சொல்கிற சொல் எண்ணிக்கை இங்கே பொருந்தாது. அதே கதை தமிழில் குறைந்த சொல்லில் வரும்.

யூனிகோடில் அடியுங்கள். எங்கள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துரு இன்னும் ஓடுகிறது. பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கல்தான் தெரியும். ஆசிரியர் அதைத் திருத்தி வாசித்துக்கொண்டிருக்கமாட்டார். பழைய கோப்பு இருந்தால் இணையத்தில் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கணினி இல்லாவிட்டால் போனிலேயே ஜிபோர்ட் என்ற விசைப்பலகைச் செயலியில் அடிக்கலாம். குரலால் சொல்லி அடிக்கிறவர்கள் ஊர்ப்பேச்சு உரையாடலைக் கையால் திருத்தவேண்டி வரும்.

எங்கே அனுப்புவது

இலங்கைக்குள், அல்வாயிலிருந்து 2007 முதல் வருகிற ஜீவநதி புதியவர்களுக்கு இடம் தந்த இதழ். வீரகேசரி, தினக்குரல், தினகரன், உதயன் ஆகியவற்றின் ஞாயிறு இதழ்கள் சிறுகதை போட்டு வந்திருக்கின்றன. பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். இலக்கியப் போட்டி, பண்பாட்டு விழா மலர் பற்றி அவரிடம் போய்க் கேளுங்கள். முதல் அச்சு அநேகருக்கு அங்கேதான் கிடைக்கிறது. இணையத்தில் அகழ், மலேசியாவின் வல்லினம், தமிழ்நாட்டின் கனலி போன்றவை சிறுகதை வெளியிடுபவை. எந்த இதழுக்கும் அனுப்புவதற்கு முன் அண்மைய இரண்டு இதழாவது வாசியுங்கள். பேய்க்கதை என்றாலே ஒதுக்குகிற ஆசிரியர்களும் உண்டு, அவர்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. பிரதிலிபியில் நீங்களே பதிவேற்றலாம், திகில் வாசகர்கள் அங்கே நிறைய. ஆனால் அங்கேயோ முகநூலிலோ போட்டுவிட்டால் பல இதழ்கள் அதை ஏற்கெனவே வெளிவந்த கதையாகவே கணக்கெடுக்கும். எனவே முதலில் இதழ், பிறகு மற்றவை.

கூட அனுப்பும் கடிதம் நான்கு வரி போதும். கதையின் பெயர், சொல் எண்ணிக்கை, எங்கும் வெளிவராதது என்ற உறுதி, உங்கள் பெயரும் ஊரும் தொடர்பும். கதை எதைப்பற்றியது என்று விளக்கினால், அங்கேயே கதையை உடைத்துக் கொடுத்தது மாதிரி. ஒரு கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். எப்போது எங்கே அனுப்பினேன் என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் பொறுத்து ஒருமுறை விசாரியுங்கள், பதில் இல்லாவிட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு வேறிடம் அனுப்புங்கள்.

என் கதை ஒன்று ஒரு பத்திரிகையில் வந்தபோது கடைசிப் பந்தி இல்லை. விளம்பரத்துக்கு இடம் காணாமல் வெட்டியிருந்தார்கள். கதையின் உயிர் அந்தப் பந்தியில்தான் இருந்தது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு பத்திரிகைக்கு அனுப்பும்போது அவர்கள் பக்கத்தில் வழக்கமாக எத்தனை சொல் வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்குள் எழுதுகிறேன். கடிதத்திலும் "குறைக்க வேண்டுமானால் நானே குறைத்துத் தருகிறேன்" என்று ஒரு வரி சேர்க்கிறேன். இதுவரை இரண்டு தரம் அப்படிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

பணம்? தமிழில் பெரும்பாலும் இல்லை, பிரதி ஒன்று கிடைக்கும். ஆங்கில ஊகப் புனைவு உலகத்தில் நிலைமை வேறு. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 2019 இல் தொழில்முறை ஊதியம் என்று வைத்த அளவு சொல்லுக்கு 8 அமெரிக்கச் சதம், அதாவது 3000 சொற் கதைக்கு 240 டொலர். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் இதழின் சகோதர இதழான சமோவார், 2017 முதல் மொழிபெயர்ப்புக் கதைகளுக்கென்றே நடக்கிறது. நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் முயலுங்கள், ஊதியத்தை எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டியே எழுத்தில் வையுங்கள். செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கொண்டு எழுதுவித்த கதையை அனுப்பாதீர்கள். அப்படிப்பட்டவை வந்து குவிந்ததால் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற ஆங்கில இதழ் 2023 பெப்ரவரியில் கதை வாங்குவதையே கொஞ்சக் காலம் நிறுத்தவேண்டி வந்தது.

உரிமை பற்றிப் பயம் வேண்டாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய உடனேயே கதை உங்களுடையது, பதிவு தேவையில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும் அது நிற்கும். ஆச்சி சொன்ன ஊர்க்கதை எல்லாருக்கும் உரியது, நீங்கள் சொன்ன விதம்தான் உங்களுக்கு உரியது.

பன்னிரண்டு பதினைந்து கதை சேர்ந்தால் தொகுப்பு. நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறவேண்டும், 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். 200, 300 பிரதிக்கு மேல் முதலில் அடிக்காதீர்கள். செலவு திரும்பி வருவது பெரும்பாலும் வெளியீட்டு விழா அன்றுதான். முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குகிறவர்கள் என்வலப்பில் வைத்துத் தருவதுதான் எங்கள் பதிப்பகம். அதற்குப் பிறகு மிஞ்சும் கட்டுகள் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கும், கறையான் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சில் வந்ததும் முதல் பிரதியைக் கதை சொன்னவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கண் தெரியாவிட்டால் இருந்து வாசித்துக் காட்டுங்கள். தண்ணி முறைக் கதையை எனக்குச் சொன்ன ஆச்சிக்கு நான் அப்படித்தான் வாசித்தேன். வெற்றிலையை மென்றபடி முழுவதும் கேட்டார். ரோச் இடம் வந்தபோது மெல்லுவதை நிறுத்தினார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவற்ர வயல் மேல இல்லையடா, கீழ. கீழ நிண்டு வெட்டினா இவருக்கு எப்பிடித் தண்ணி குறையும் எண்டுதான் அண்டைக்கு எல்லாரும் பயந்தது" என்றார்.

தொகுப்பில் அதைத் திருத்திவிட்டேன்.